நாய்க்குட்டிக்குப் பின்னிய தொப்பி

1999-இல் எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் பதினெட்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. இன்டர்நெட் ஒன்றில்தான் வந்தது. வந்தது என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. மோடம் முதலில் கத்தும், பிறகு இருமும், அதற்குப் பிறகு மனசு இருந்தால் வரும். ஆளுக்கு அரைமணி நேரம். அந்த அரைமணியில் பையன்கள் எதைத் தேடினார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. படம் உச்சந்தலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மூக்குக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். கழுத்துக்குக் கீழே பார்த்தவன் எங்கள் செட்டில் கிடையாது.

நான் கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷா டிசைன் பார்த்தேன். லேப் பொறுப்பாளர் ஞானராஜ் சாருக்கு அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. மற்றவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் கவலை இல்லை. பிரிண்டரில் கிர்ர் கிர்ரென்று இறங்கிக்கொண்டிருந்த தாளைக் கிழித்து மூக்குக்கு நேரே பிடித்தார். மூன்று சங்கிலி போடு, ஒரே கண்ணியில் பன்னிரண்டு ஏற்று, நட்சத்திரக் குறியிலிருந்து மறுபடியும் என்று எல்லாம் இங்கிலீஷ் சுருக்கெழுத்தில் ஓடியது.

"என்ன லாங்குவேஜ்டே இது?"

"லூப் சார்."

"அது தெரியுது. எங்க முடியுது?"

"தலை மூடுற வரைக்கும் சார்."

சார் இன்னொரு முறை படித்தார். "கண்டிஷன் இல்லாம லூப் எழுதாத. மெஷின் தொங்கிரும்" என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார்.

அந்தத் தாள் என் அக்காவுக்கு. அவள் பெயர் இன்பம்.

அக்காவை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் தங்கச்சாமி பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டில் அத்தான், அவருடைய அம்மா கிருபாபாய், அக்கா, ஒரு வெள்ளைப் பெட்டை நாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் அம்மா இல்லை. அப்பாவுக்கும் எனக்கும் வெந்நீர் வைப்பதே பெரிய காரியம். ஆகவே பிரசவம் பார்ப்பதும் மாமியார் வீட்டில்தான் என்று முதலிலேயே பேச்சு.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா முதல் தடவை உண்டானபோது, பிள்ளை பிறக்கும் முன்பே ஒரு தொப்பியும் காலுறையும் பின்னி முடித்துவிட்டாள். வெள்ளை நூல். ஓரத்தில் சிப்பி சிப்பியாக வரும். பள்ளி ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட ஒரே டிசைன். பிறக்காத பிள்ளைக்குத் துணிமணி தயார் பண்ணக் கூடாது என்பது ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். பிறந்த பிறகும் புதுத் துணி ஆகாது. யாராவது போட்டுப் பழசானதைத்தான் முதலில் போடுவார்கள். கிருபாபாய் அத்தை சபையில் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி. சகுனம், நல்ல நேரம் பார்ப்பதெல்லாம் விசுவாசத்துக்கு விரோதம் என்று எழுந்து நின்று பேசுகிறவர். "நமக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது" என்பார். "துணி மட்டும் முன்னாடி எடுக்கக் கூடாது."

அந்தப் பிள்ளை பிறக்கும்போதே மூச்சு இல்லை. அக்கா பின்னிய தொப்பியைப் போட்டுத்தான் பெட்டியில் வைத்தோம். அதற்கென்று வேறு எதுவும் இருக்கவில்லை.

அத்தை அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குரோஷா ஊசி மட்டும் வீட்டிலிருந்து காணாமல் போனது. ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இப்போது மறுபடியும் ஐந்தாம் மாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கோவாவோடு போயிருந்தேன். அத்தை ஆராதனைக்குப் போயிருந்தார். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏலே ஜெபதுரை, உங்க காலேஜ்ல இன்டர்நெட் வந்திருக்காமே. அதுல என்ன கேட்டாலும் கெடைக்குமா?"

"கேட்டதத் தவிர எல்லாம் கெடைக்கும்."

"வெளையாடாதலே. பிள்ளைத் தொப்பிக்குக் குரோஷா டிசைன் கெடைக்குமா?"

"உனக்குத் தெரிஞ்சதுதான் ஒண்ணு இருக்கே."

வெண்டைக்காய் நறுக்குவது நின்றது. "அது வேண்டாம். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். மனசுக்குள்ள போட்டுப் பாத்தாலே அந்தச் சிப்பிகிட்ட வந்ததும் கை நின்னுருது. சபையில யார்ட்டயாவது கேட்டா நான் வீடு வாறதுக்கு முன்னால அத்தைக்குச் சேதி வந்துரும். இந்த ஊர்ல யாருமே போடாத டிசைனாப் பாரு."

"பிள்ளை பொறந்த பொறவு பின்னேன். இப்ப என்ன அவசரம்?"

"சும்மா இருந்தா அசையுதா அசையுதான்னு வயித்தையே பாத்துக்கிட்டு இருக்கேன்லே. செத்த நேரம் அசையலன்னா எனக்கு மூச்சு முட்டுது. கையில ஊசி இருந்தா கண்ணியவாவது எண்ணிக்கிட்டு இருக்கலாம்."

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் என்று காலேஜில் எனக்குப் பெயர். அன்று பால்கோவாவைப் பிரித்து நானே தின்றேன்.

இலவசமாகக் கொடுக்க உலகத்தில் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை லேபில்தான் கண்டேன். எல்லாம் அமெரிக்க அம்மாள்கள். பக்கம் முழுக்கப் பூனைப் படம், ஆடுகிற மெழுகுவர்த்தி, மின்னுகிற எழுத்து, நடுவில் டிசைன். டீ கெட்டிலுக்குச் சட்டை. டாய்லெட் பேப்பருக்குப் பாவாடை. நாய்க்கு ஸ்வெட்டர். அந்த ஊரில் எதையும் வெறும் உடம்போடு விடுவதில்லை போலிருக்கிறது. ராஜபாளையத்தில் மனுஷனே பனியனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறான். ஓஹியோவிலிருந்து ஒரு அம்மாள் பிள்ளைத் தொப்பி டிசைனுக்குக் கீழே எழுதியிருந்தார்: தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், விற்காதீர்கள், பிறக்கப் போகும் உங்கள் செல்லத்துக்கு என் முத்தம். கிருபாபாய் அத்தைக்குத் தெரிந்தால் ஓஹியோ வரைக்கும் திட்டு போகும்.

குரோஷா ஊசியை ஸ்ரீவில்லிபுத்தூரில் சேக் முகைதீன் பேன்சி ஸ்டோரில் வாங்கினேன். "யாருக்குத் தம்பி?" என்றார். "இன்டர்நெட்டுக்கு" என்றேன். அதற்கும் ஊசி தேவைப்படும் என்று அவர் நம்பியதாகத் தெரிந்தது.

சுருக்கெழுத்துக்கெல்லாம் அந்த அம்மாளே ஓரிடத்தில் விளக்கம் போட்டிருந்தார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா பிடித்துக்கொண்டாள். நூல்தான் கிடைக்கவில்லை. டிசைனில் தடிமனான கம்பளி நூல் என்று போட்டிருந்தது. எங்கள் ஊர் வெயிலுக்கு யார் கம்பளி விற்பார்கள்? அத்தானிடம் மேஜை விரிப்புக்கு என்று சொல்லி, பேண்டேஜ் துணிக்கு ஓட்டுகிற வெள்ளை நூலில் ஒரு கோன் வாங்கி வைத்திருந்தாள். நல்ல நூல். ஆனால் ஒல்லி நூல். இரண்டு இழையாகச் சேர்த்தும் ஒல்லிதான். கண்ணி எண்ணிக்கை மட்டும் பிசகக் கூடாது என்று அக்கா அமெரிக்கக்காரி சொன்னபடியே எண்ணி எண்ணிப் போட்டாள். ஒரு கண்ணி கூடவில்லை, குறையவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது தொப்பி முடிந்திருந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ஒரு சாத்துக்குடியை மூடலாம். கொஞ்சம் இழுத்தால் பெரிய சாத்துக்குடி.

"அமெரிக்காவுல பிள்ளைக்குத் தலை இம்புட்டுத்தானாலே?"

"மூளை இருக்கிற எடம் அம்புட்டுப் போதும்னு இருக்கும்."

அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. கூட்டம் முடிந்து அத்தை வாசலில் வந்து நின்றதை அதனால்தான் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"என்னட்டி கையில?"

அக்காவுக்கு உதடு வெளுத்தது. தொப்பியை மடிக்குள் வைக்கப் போனாள். வைக்க வயிறு விடவில்லை. கை அந்தரத்திலேயே நின்றது.

"நாய்க்குட்டிக்கு, அத்தை" என்றேன் நான்.

அந்த வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. மற்றதையெல்லாம் ஆட்கள் வந்து தூக்கிப் போய்விட்டார்கள். ஒரு குட்டி மட்டும் மிச்சம். முழு வெள்ளை, ரோஸ் மூக்கு, லட்சணமான குட்டி. ஆனால் காது கேட்காது. ராஜபாளையம் நாயில் அப்படி ஒன்றிரண்டு விழும், யாரும் வாங்க மாட்டார்கள். அத்தை அதைச் செவிட்டுப் பயல் என்று கூப்பிடுவார். கூப்பிட்டால் வராது.

"நாய்க்குட்டிக்குத் தொப்பியா?"

"இன்டர்நெட்ல போட்டிருக்கான் அத்தை. அமெரிக்காவுல நாயெல்லாம் தொப்பி போட்டுத்தான் வெளிய எறங்கும்."

அத்தை தொப்பியை வாங்கி இரண்டு விரலை உள்ளே விட்டு விரித்துப் பார்த்தார். "காதுக்கு ஓட்டையக் காணுமே."

"இதுக்குத்தான் காது கேக்காதே. ஓட்டை எதுக்கு?"

அத்தை என்னைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம். பிறகு முற்றத்துக்குப் போய்ச் செவிட்டுப் பயலைத் தூக்கித் தலையில் தொப்பியை மாட்டி, தாடைக்குக் கீழே நாடாவை முடிச்சுப் போட்டார். அளவெடுத்த மாதிரி இருந்தது. "நாய்க்குன்னா நாய் போடணும்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் அது நடந்தது. காலையில் காப்பி போடுவதற்கு முன் அத்தை குட்டிக்குத் தொப்பியை மாட்டுவார். அது சேற்றில் புரளும், தொட்டித் தண்ணீரில் தலையை விடும், காலால் பிறாண்டும். சாயங்காலம் அத்தையே கழற்றித் துவைத்துக் காயப்போட்டு மறுநாள் மறுபடியும் மாட்டுவார். அக்கா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கழற்றப் போயிருக்கிறாள். "கழட்டாதட்டி. அதுக்குத்தான பின்னின?" என்றாராம்.

"அவியளுக்குத் தெரிஞ்சிருச்சுலே" என்றாள் அக்கா என்னிடம். "தெரிஞ்சேதான் செய்றாவ. எனக்குப் பாடம் சொல்லித் தாறாவ. அத நாய் தலையில பாக்க மாட்டாம நான் முத்தத்துக்கே போறதில்ல."

"வேற பெருசா ஒண்ணு பின்னேன். கண்ணியக் கூட்டிப் போட்டா சரியா வரும்."

"ஒண்ணும் வேண்டாம். இந்தா, ஊசியக் கொண்டு போயிரு. பின்னுனதுனாலதான் நாய் தலைக்குப் போச்சு. இன்னொண்ணு பின்னுனா எங்க போகுமோ?"

ஊசியை வாங்கிச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டேன். அத்தையை அப்போது எனக்குக் கண்டாலே ஆகாது. செவிட்டுப் பயல் மட்டும் தொப்பியோடு சந்தோஷமாக இருந்தான். குட்டி வளர்ந்தது, தொப்பி வளரவில்லை. இழுபட்டு, நைந்து, பழைய வேட்டி நிறத்துக்கு வந்து உச்சியில் உட்கார்ந்திருந்தது. அத்தை விடாமல் நாடாவை இறுக்கிக் கட்டினார்.

கார்த்திகை மழையில், எட்டாம் மாசம் பிறந்த உடனேயே, அக்காவுக்கு ஒரு காலையில் பனிக்குடம் உடைந்தது. அத்தான் கல்லூரி ஆபீசுக்குப் போன் பண்ணி, நான் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிறந்தாயிற்று. பெண் பிள்ளை. ஒன்றரைக் கிலோ இருந்ததாகச் சொன்னார்கள். எனக்கு அது அதிகமாகப் பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அழுதால் சத்தம் வரவில்லை, வாய் மட்டும் திறந்தது.

நர்ஸ் வெளியே வந்தார். "தலைக்குத் தொப்பி எங்க? இம்புட்டுப் பிள்ளைக்கு இருக்கிற சூடெல்லாம் தலை வழியாத்தான் போவும்."

"நாங்க முன்னாடி எடுத்து வைக்கிறதில்ல" என்றார் அத்தான்.

"எல்லாரும் வந்து இதையே சொல்லுங்க. இப்ப ஓடிப் போயி வாங்கிட்டு வாங்க."

அத்தான் மழையில் பஜாரெல்லாம் அலைந்து நாலைந்து தொப்பியோடு வந்தார். இருப்பதிலேயே சின்னதைப் போட்டுப் பார்த்தார்கள். பிள்ளையின் கழுத்து வரை இறங்கி, முகத்தை மூடியது. நர்ஸ் பஞ்சை வைத்துத் துணியால் சுற்றினார். பிள்ளை தலையை அசைக்க அது அவிழ்ந்தது. மறுபடியும் சுற்றினார். மறுபடியும் அவிழ்ந்தது. அந்தத் துணியை நெய்யவைக்கிறவர் அத்தான்தான்; கையில் தொப்பிகளை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை என் கையைப் பிடித்தார். "வாலே."

ஆட்டோ பிடித்தார். வீட்டுக்குப் போனதும் நேராகப் பின்பக்கம் போனார். செவிட்டுப் பயல் துணி துவைக்கிற கல்லுக்குக் கீழே மழைக்கு ஒண்டியிருந்தான். அத்தை மழையில் குந்தி உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தார். ஈரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. பல்லால் கடித்து அவிழ்த்தார். சோப்புப் போட்டு அலசினார், திரும்பவும் அலசினார். பால் சட்டியில் தண்ணீரை வைத்து, கொதி வந்ததும் தொப்பியை உள்ளே போட்டார். அடுப்புக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றோம்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா அத்தை?"

"நாய்க்குத் தொப்பி பின்னுற ஊராலே இது?"

"பின்ன ஏன் அக்காட்ட ஒண்ணும் சொல்லல?"

"என்னன்னு சொல்ல?" கரண்டியால் தொப்பியை அமுக்கினார். "வாங்கி அலமாரியில வச்சா பிள்ளைக்குன்னு ஆயிரும். தூரப் போட்டாலும் பிள்ளைக்குள்ளதத் தூரப் போட்டதா ஆயிரும். நாய் தலையில கெடந்தா யாரு கேட்டாலும் நாய்க்குன்னு சொல்லலாம்லா."

யார் கேட்பார்கள் என்று நான் கேட்கவில்லை. அத்தை ஒருமுறை மேலே பார்த்துக்கொண்டார்.

"மொதப் பிள்ளைக்கு அவ பின்னுனது பூரா நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அத எடுத்து வேற எது தலையிலயாவது வச்சு எடுத்திருந்தா பழசாயிருக்கும். எனக்கு அப்பத் தோணல. புதுசாவே கெடந்துச்சு." தொப்பியைக் கரண்டியால் திருப்பிப் போட்டார். "நமக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதுலே. இருந்தாலும் நீ படிச்ச பய, பாத்துச் சொல்லு. இது பழசுதான?"

ஆவியில் அவர் மூக்குக்கண்ணாடி மங்கியிருந்தது. என்னிடம் நிறையப் பதில்கள் இருந்தன. எதையும் எடுக்கவில்லை.

"பழசு அத்தை. இதவிடப் பழசு ராஜபாளையத்துலயே கெடையாது."

இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் தொப்பியை உலர்த்தினார். ஆட்டோவில் திரும்பும்போது, "நாய் சமாச்சாரம் நர்ஸ் காதுல விழக் கூடாது" என்றார்.

தொப்பி கச்சிதமாகப் பொருந்தியது. கழுத்துக்குப் போகவில்லை, மேலே ஏறவில்லை. நைந்த நூல் மெத்தென்று காதை மூடிக்கொண்டது. "யாரு அளவெடுத்தது?" என்றார் நர்ஸ். அக்காவைப் பிடித்து நடத்திக் கொண்டுவந்தபோது கண்ணாடிக்கு வெளியே நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "ஆரு எடுத்துட்டு வந்தா?" என்று கேட்டாள். நான் கண்ணால் காட்டினேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் சேர்ந்து மழையைப் பார்த்தார்கள்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது அத்தை வராந்தாவில் என்னை நிறுத்தினார். "ஏலே, அந்த இன்டர்நெட்ல அடுத்த சைஸ்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். "இப்ப எடுத்துராத. பொறவு சொல்லுதேன்."

அதற்குப் பிறகு என் அரைமணி நேரம் வந்தபோதெல்லாம் அந்த ஓஹியோ அம்மாளின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை என்று போட்டிருந்த தொப்பி. ராஜபாளையத்திலிருந்து வந்த சேதி ஒரு நாள் நன்றாக இருந்தது, ஒரு நாள் இல்லை. மூச்சு நின்று நின்று வருகிறது என்றார்கள். பால் இறங்குகிறது என்றார்கள். அப்புறம் மஞ்சள் காமாலை என்று பெட்டியில் விளக்கைப் போட்டார்கள்.

"பிரிண்ட் குடுக்கலையாடே?" என்று ஞானராஜ் சார் பின்னால் வந்து நின்றார்.

"கண்டிஷன் இன்னும் வரல சார்."

அவர் திரையைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, என் நேரம் முடிந்தும் அன்று எழுப்பவில்லை.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து காலேஜ் திறந்த அன்று ஆபீஸ் பியூன் வந்து, அத்தானிடமிருந்து போன் என்றார். ஓடினேன். அத்தான் எப்போதும் போல மெதுவாகப் பேசினார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். அம்மா அந்தப் பிரிண்ட்ட எடுத்துட்டு வரச் சொன்னாவ."

லேபுக்கு ஓடிப் போய் உட்கார்ந்தேன். மோடம் கத்தியது, இருமியது, வந்தது. அந்த ஓஹியோ அம்மாளின் பக்கம் மட்டும் வரவில்லை. அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. பூனை, மெழுகுவர்த்தி, முத்தம் எல்லாம் போய்விட்டது. என்ன ஆனார் என்று யாரிடம் கேட்பது?

வெறும் கையோடு ராஜபாளையம் போனேன். பிள்ளை அத்தை மடியில் அதே தொப்பியோடு தூங்கிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"பரவால்லலே" என்றாள் அக்கா. "ஊசி வச்சிருக்கியா?"

சட்டைப் பையில்தான் இருந்தது. கொடுத்தேன். அத்தான் கொடுத்த கோனிலிருந்து அக்கா நூலை உருவி, இந்தத் தடவை நாலு இழையாகச் சேர்த்துக்கொண்டு தொடங்கினாள். நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது ஓரத்தில் சிப்பி சிப்பியாக வந்திருந்தது. அந்த இடத்தில் கை நின்றதா என்று எனக்குத் தெரியாது. அத்தையும் அதைப் பார்த்தார்.

தொப்பி முடிந்ததும் அக்கா அதைப் பிள்ளைக்குப் போடாமல் அத்தையிடம் நீட்டினாள். அத்தை முற்றத்துக்குப் போனார். செவிட்டுப் பயல் இப்போது கன்றுக்குட்டி மாதிரி நின்றான். தொப்பி அவனுக்கு ஒரு காதைக்கூட மூடவில்லை. இருந்தாலும் அத்தை அதை அவன் தலையில் வைத்து, விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் அசையாமல் காட்டிக்கொண்டிருந்தான்.